பித்தளை மூக்குக்காரர்கள்

வியாசர்பாடி குடியிருப்பில் பகலவன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். டைக்கோ வீடு என்று கேட்டால் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற பெண்கள்கூட, மூன்றாவது மாடி, படிக்கு இடது கைப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு டென்மார்க் பிரபுவின் பெயர் இங்கே ஒரு பிட்டருக்கு வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மூக்கு. இரண்டு பேருக்குமே அது கிடையாது.

பகலவனுக்கு அது போனது காசிமேட்டில். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற இடத்தில் அவன் பேர்போன பிட்டர். புரொப்பல்லர் தண்டு, அது சுழல்கிற பித்தளை புஷ், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற அடைப்பு எல்லாம் அவன் கையில்தான் முடியும். ஒரு மத்தியானம் அவன் பிடித்திருந்த கிரைண்டரின் சக்கரம் உடைந்து தெறித்தது. முகத்துக்கு மூடி போட்டுக்கொள்கிற வழக்கம் அங்கே எவனுக்கும் கிடையாது. கேட்டால் வேர்க்கிறது என்பார்கள். கண் இரண்டும் தப்பின. மூக்கு தப்பவில்லை. முகத்தின் நடுவில் ஒரு குழியும் இரண்டு துவாரமும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவனைப் படகுக்காரர்கள் நலம் விசாரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் கூப்பிடவில்லை. விடியற்காலையில் அந்த முகத்தில் முழித்துவிட்டுக் கடலுக்குள் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பான்.

அது கொரோனாவின் இரண்டாவது வருஷம். ஊரே மூக்கை மூடிக்கொண்டு திரிந்தபோது மூக்கில்லாதவனை எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? பகலவன் துணி மாஸ்க்கை இழுத்துக் கட்டிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் ஓர் இரும்புக் கட்டுமான யார்டில் காண்ட்ராக்ட் பிட்டராகச் சேர்ந்துவிட்டான். டோல்கேட் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஜனங்கள் அந்த நோயைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஒருத்தன் மட்டும் அது போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தான். மனைவி கார்குழலியிடம் மட்டும் அதைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

நோய் போயிற்று. மாஸ்க்கும் ஒவ்வொரு முகமாகக் கழன்றது. கடைசியில் யார்டிலேயே மாஸ்க்கோடு நிற்பவன் இவன் ஒருத்தன்தான் என்று ஆனபோது, கேட்டில் முகம் பார்க்கிற மெஷின் ஒன்றை மாட்டப்போவதாகச் சொன்னார்கள். இனிமேல் கைநாட்டும் கிடையாது, அட்டையும் கிடையாது. மெஷினில் முகத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். காலையில் அதன் முன்னால் நின்றால் அது பார்த்துவிட்டுப் பெண் குரலில் தேங்க்யூ என்று சொல்லும், கம்பி சுழலும், உள்ளே போகலாம். பதிகிற அன்றைக்கு மாஸ்க், தொப்பி, கண்ணாடி எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். உடம்பில் ஊனம் உள்ளவனை யார்டு வேலைக்கு வைப்பதில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

வேலை இருந்தால் அவன் மூக்கில்லாத பிட்டர். வேலை போனால் வெறும் மூக்கில்லாதவன். இந்த வித்தியாசம் பகலவனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்த கேட்டைத் தாண்டுவது ஒன்றுதான் அவனுக்கு முக்கியம், மற்றதெல்லாம் பிறகு.

அரசு பல் ஆஸ்பத்திரியில் சிலிக்கான் மூக்கு செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு அவன் ஏற்கெனவே அங்கே போய்வந்துகொண்டிருந்தான். டாக்டர் தேவப்பிரியம் என்று ஓர் இளம் பெண். அதட்டாத டாக்டர். புண்ணின் ஓரமெல்லாம் நன்றாக ஆறட்டும், அச்சு எடுக்க வேண்டும், வரிசையில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், பல மாசம் ஆகும் என்று சொன்னாள். பகலவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். வட்டக் கழுத்துப்பட்டையும் நீள மீசையுமாக ஒரு வெள்ளைக்காரன்.

"இவரு பேரு டைக்கோ பிராகே. டென்மார்க்ல பெரிய பிரபு வம்சம். இவருக்கும் மூக்கு கிடையாதுங்க," என்றாள்.

கதையையும் அவளே சொன்னாள். இருபது வயதில் படிக்கப் போன ஊரில், சொந்தக்காரப் பையன் ஒருத்தனோடு வாய்ச்சண்டை வந்து, அது முற்றி, இருட்டில் இரண்டு பேரும் வாள் எடுத்து மோதியதில் மூக்கு போயிற்று. உலோகத்தில் ஒன்று செய்து ஒட்டிக்கொண்டான். ஒட்டுகிற பசையைச் சின்ன டப்பியில் எப்போதும் கூடவே வைத்திருப்பானாம். தொலைநோக்கி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் நட்சத்திரங்களை அளந்து குறித்தான். ஃபிரெடரிக் ராஜா அவனுக்கு ஒரு தீவையே தூக்கிக் கொடுத்தார். அங்கே அவன் கட்டிய மாளிகையைப் பார்க்க வேறு நாட்டு ராஜாகூட வந்து போனார். அவன் மூக்கு தங்கமும் வெள்ளியும் கலந்தது என்று ரொம்ப காலம் பேச்சு இருந்தது. பிற்பாடு கல்லறையைத் திறந்து பார்த்தபோது மூக்கெலும்பில் பச்சைக் கறை இருந்தது. சோதித்ததில் அது பித்தளை என்று தெரிந்தது.

அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். பகலவன் காதில் பித்தளை என்ற ஒரே சொல்தான் விழுந்தது. பச்சைக் கறை விழவில்லை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கப் பித்தளையோடு புழங்கியவன். இரும்பு கடல் தண்ணீரில் ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்துபோவதையும், பித்தளை புஷ் வருஷக்கணக்காக அதே தண்ணீரில் கிடந்துவிட்டு, துடைத்தால் மின்னிக்கொண்டு வெளியே வருவதையும் கண்ணால் பார்த்தவன். கடலுக்கே தாங்குகிற சாமான் முகத்து வேர்வைக்குத் தாங்காதா என்று கணக்குப் போட்டான். படகு வேலை பார்த்தவனைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கணக்கு வந்திருக்காது.

மெல்லிய பித்தளைத் தகட்டை நெருப்பில் காட்டி இளக்கி, மரக்கட்டையில் குழி வெட்டி, அதில் வைத்து உருண்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தான். தன் பழைய கல்யாணப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு அரத்தால் ராவினான். தண்டையார்பேட்டையில் கார் டிங்கரிங் செய்கிற ஒருத்தன் அவன் கன்னத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கலர் கலந்து மேல்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். நாடகக்காரர்கள் மீசை ஒட்டுகிற பசை வாங்கி வந்தான். கண்ணாடியில் பார்த்தபோது, கிட்டத்தில் வராதவரை, அது மூக்குதான்.

கார்குழலி அதைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள ஈயம் பூசுலியா?" என்று கேட்டாள்.

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளி ரசம் வைத்தால் களிம்பேறி விஷமாகும் என்பது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். பகலவன் சிரித்தான்.

"இன்னாமே, நான் இன்னா ரசமா வைக்கப் போறேன்? கப்பல்ல எவன் ஈயம் பூசறான்?"

அவள் மேலே பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிற்பாடு அவளே பல தடவை சொல்லிக்கொண்டாள்.

பதிகிற அன்றைக்கு மெஷின் முன்னால் போய் நின்றான். அந்தப் பெண் குரல் தேங்க்யூ என்றது. கம்பி சுழன்றது. ஒரு பெரிய மனுஷனுக்குத் தீவு கிடைத்தபோது என்ன சந்தோஷமோ, அதற்குக் கொஞ்சமும் குறையாத சந்தோஷத்தோடு பகலவன் உள்ளே போனான்.

கூட வேலை செய்கிறவர்களிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? சாப்பாட்டு நேரத்தில் வேர்வையில் பசை இளகி மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்ததை வெல்டர் தண்டபாணி பார்த்துவிட்டான். பகலவன் மறைக்கவில்லை. டென்மார்க் பிரபுவின் கதையை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமென்றால் டைக்கோ கதைதான். மகள் ரமாபாய் காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். அவளைச் செல்போனில் தேடச் சொல்லிப் புதிசு புதிசாகக் கொண்டுவந்து கொட்டினான். பிரபு வளர்த்த கடமான் ஒரு விருந்தில் பீர் குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டு செத்த கதைக்கு எல்லாரும் புரையேறச் சிரித்தார்கள். கடைசியில் ஒரு விருந்தில், பெரிய மனிதர்கள் நடுவிலிருந்து எழுந்து போவது மரியாதை இல்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, அதனாலேயே படுத்துச் செத்தான் என்றபோது யாரும் சிரிக்கவில்லை. கக்கூஸுக்குப் போக யார்டில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

எல்லாரும் அவனை டைக்கோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. பிரபுவுக்கு மூக்கு போனால் வீரம், பிட்டருக்குப் போனால் அபசகுனம் என்று இருந்த உலகத்தில், அந்தப் பெயர் அவனைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தது. நிமிர்ந்து நடந்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம்கூட ஏதோ பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோல டைக்கோவைப் பற்றிப் பேசினான்.

அந்த மெஷினைப் பற்றி யார்டில் ஒரு நம்பிக்கை வேர்விட்டிருந்தது. பதிந்தபோது முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், மீசையில் ஒரு மயிர் குறைந்தாலும் மெஷின் ஏற்காது. சூப்பர்வைசரும், பதிஞ்ச மூஞ்சியோட வா, இல்லாட்டி வூட்டோட இரு என்று சொல்லிச் சொல்லி அதற்குத் தண்ணீர் ஊற்றினார். பல்வலியில் கன்னம் வீங்கி வந்த ஒருத்தனை ஒருநாள் அது ஏற்கவில்லை. அன்றைக்கு மெஷினே கோளாறாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வீங்கின கன்னம்தான் காரணம் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஒருத்தனும் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடவில்லை. தண்டபாணியின் அப்பா இறந்தபோது, மூத்த மகனான அவன் மீசையை எடுக்காமல் காரியம் செய்தான். பங்காளிகள் காறித் துப்பாத குறை. ஈரத்துணியோடு தலையைக் குனிந்து நின்றானே தவிர, மீசையில் கத்தி படவிடவில்லை.

ஆகவே பகலவனுக்கு அவன் மூக்கு பித்தளைதான் என்று தீர்ந்துவிட்டது. அது இல்லாமல் கேட் இல்லை. காலையில் ஒட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவான்.

முதல் கோடையிலேயே உள்பக்கம் பச்சை பூத்தது. துடைத்தான். மறுபடி பூத்தது. கடல் தண்ணீர் வேறு, மனுஷ வேர்வையும் சீழும் நிணநீரும் வேறு என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? குழியின் ஓரம் சிவந்தது, வெடித்தது, கசிந்தது. தேங்காய் எண்ணெய் வைத்தான். மஞ்சள் பொடி வைத்தான். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் கலந்து வந்து அதன்மேல் படிந்தது. இரண்டாவது கோடையில் கார்குழலி சாப்பாடு போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வரிசை வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். தேவப்பிரியம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இது எப்படி ஆயிற்று என்று கேட்டாள். பித்தளைக் கதையை அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. உடனே அதைத் தூக்கிப் போடுங்கள், சில மாசம் எதுவும் ஒட்டாமல் புண்ணை ஆறவிடுங்கள், ஆறினால் நான் உங்களுக்கு நல்ல மூக்கு வைக்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். சிலிக்கானில் செய்த மாதிரி ஒன்றை அவன் கையில் வைத்தாள். தோல்போலவே மெத்தென்று இருந்தது. நுனியில் மெல்லிய சிவப்பு ரேகைகூட இருந்தது. பகலவன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

சூப்பர்வைசரிடம் போய், முகத்தைப் புதிதாகப் பதிந்துகொள்ளலாமா என்று சுற்றிவளைத்துக் கேட்டான். அதற்கு ஹெட் ஆபீஸ் போக வேண்டும், டாக்டரிடம் உடம்பு சரியாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார். பகலவன் சும்மா கேட்டேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மறுநாளும் பித்தளையைத்தான் ஒட்டினான். அவனுக்குப் புத்தி சொல்ல ஆளில்லை என்று இல்லை. கார்குழலி அழுதாள், திட்டினாள், ஒருநாள் அதை ஒளித்தும் வைத்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று அவன் வீட்டையே புரட்டிப் போட்டபோது அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"மூத்திரத்த அடக்கிச் செத்தான்னு ஒருத்தன் கதய சொல்லிக்கினு கீறியே, நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டாள். அவன் பசை டப்பியைத் திறந்தான்.

அந்த மாசத்தில்தான் ரமாபாய் ஒரு சாயங்காலம் செல்போனோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டைக்கோவின் தீவைப் பற்றிப் படித்திருந்தாள். அங்கே ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள், உழுது பிழைத்த குடியானவர்கள். ராஜா தீவைக் கொடுத்ததும் அவர்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட மாதிரி ஆயிற்று. வாரத்தில் இரண்டு நாள் கூலி இல்லாமல் அவனுக்கு வேலை செய்ய வேண்டும். அந்த மாளிகைக்கு மண் வெட்டியதும் கல் சுமந்ததும் அவர்கள்தான். ராஜாவிடம் முறையிட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. அவன் சிறை வைத்திருந்தான். தன் நிலத்தில் குடியிருந்த ஒருத்தனைச் சங்கிலியில் போட்டதாகவும் இருக்கிறது. கடைசியில் புது ராஜாவோடு ஒத்துப்போகாமல் அவன் தேசத்தை விட்டே போன பிறகு, அந்த மாளிகை இடிபட்டுக் கல்லெல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டது.

அந்த ஆட்களின் பேர் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பகலவன் கேட்டான்.

"ஒண்ணு ரெண்டு கீது நைனா. மத்தவங்க பேரு எங்கயும் இல்ல."

பொய்ச் சொந்தம் அறுந்துவிட்ட மனுஷனைப்போல அவன் சுவரைப் பார்த்தான். இத்தனை நாளாக யார் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் கதை நின்றது. டைக்கோ என்று கூப்பிட்டவர்களிடம் எரிந்து விழுந்தான். பெயர் மட்டும் போகமாட்டேன் என்றது.

மறு வருஷம் சித்திரை வெயிலில் ஒருநாள் மூக்கைக் கழற்றும்போது சின்ன எலும்புத் துண்டு ஒன்று பித்தளையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கார்குழலியும் ரமாபாயும் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேவப்பிரியம் படமெடுத்துப் பார்த்தாள். எலும்பு அரித்துப்போயிருந்தது. அறுவை செய்து கெட்டதை எடுக்க வேண்டும், மேலுதடு வரை போகலாம். அதற்கு நாள் குறித்துக் கொடுத்தாள். அப்புறம் சிலிக்கான் வைக்கலாமா என்று ரமாபாய்தான் கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் பகலவனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒட்டுறதுக்கு நல்ல தோல் வேணும், கீழ எலும்பு வேணும். இனிமே எதுவும் நிக்காதுங்க. என்னை மன்னிச்சிருங்க."

அவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் மனசில் ஒன்றுதான் ஓடியது. அறுவைக்குப் பிறகு பித்தளையும் நிற்காது. பித்தளை நிற்காவிட்டால் மெஷின் இல்லை, மெஷின் இல்லாவிட்டால் கேட் இல்லை. அறுவைக்கு முன்னால் எத்தனை நாள் போக முடியுமோ அத்தனை நாள் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டினான். கார்குழலி இந்தத் தடவை அழவில்லை. காலையில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வாரத்தில் ஒரு காலை. ஏழு மணிக்கே வெயில் கொளுத்தியது. கேட்டில் வரிசை நீளமாக இருந்தது. வரிசை நகர நகர நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து பசைக்குள் இறங்குவது பகலவனுக்குத் தெரிந்தது. கையால் அழுத்திக்கொண்டே வந்தான். மெஷின் முன்னால் வந்ததும் கையை எடுத்தாக வேண்டும். எடுத்தான். முகத்தை நீட்டினான். சீழில் ஊறிப்போயிருந்த ஓரம் பிடியை விட்டது. மூக்கு விழுந்து, சிமெண்டுத் தரையில் சத்தம் போட்டுக் கம்பிக்கு அடியில் உருண்டது.

பின்னால் நின்றவர்கள் அந்தக் குழியைப் பார்த்தார்கள். ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பகலவன் கையைத் தூக்கி மூடப்போனான். அதற்குள் மெஷின் பேசிவிட்டது.

தேங்க்யூ என்றது. கம்பி சுழன்றது.

பகலவன் நகரவில்லை. கேட் வாட்ச்மேனைப் பார்த்தான். இது எப்படி ஏற்றது என்று கேட்டான். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். மற்ற நாள்போலவே சாதாரணமாகச் சொன்னான்.

"அது கொரோனாவுக்குன்னே செஞ்ச மிஷின்பா. மாஸ்க்கு போட்டாலும் எடுத்துக்கும். கண்ண மட்டும்தான் பாக்கும், மூக்கெல்லாம் அதுக்கு எதுக்கு?"

வரிசையில் நின்ற தண்டபாணியின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போய் அங்கேயே நின்றது. அப்புறம் அவன் குனிந்து மூக்கை எடுத்தான். பச்சையும் சீழும் படிந்த உள்பக்கத்தைத் தன் சட்டையிலேயே துடைத்தான். நீட்டினான்.

பகலவன் அதை வாங்காமல் அவனையே பார்த்தான். அந்தத் தீவில் கல் சுமக்க வந்த ஆட்களைக் காலையில் எண்ணி உள்ளே விட்டவன் எவனாவது அவர்களுக்கு மூக்கு இருக்கிறதா என்று பார்த்திருப்பானா என்று நினைத்தான். தலை எண்ணினால் போதும், கை வந்தால் போதும். அவனுக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணீர் புண்ணில் இறங்கினால் எரியும் என்று பழக்கத்தில் அடக்கிக்கொண்டான்.

"ரெண்டு வருசமா இத ஒட்டிக்கினு வந்தேனேடா," என்றான். "என் மூஞ்சிய எவனும் பாக்கவே இல்லியா?"

பின்னால் யாரோ நேரமாகிறது என்றார்கள். பகலவன் மூக்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் முகத்தோடு வேலைக்குப் போனான்.